செம்பருத்திப் படம் வைத்த கணக்கு

வலைப்பூவைத் தமிழில் எழுதுவதால் அம்மாவைப் பற்றித் தயக்கமின்றி எழுதலாம் என்று நம்பியிருந்தேன். அவர் மலையாளப் பள்ளியில் படித்தவர். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் பகுதியில் பலரையும் போல வீட்டில் தமிழ் பேசுவாரே தவிர, தமிழ் எழுத்து தெரியாது.

ஆனால் படிப்பதற்கு வேறு ஆளும் வரவில்லை. கல்லூரித் தோழி ஒருநாள் ரயிலில் சொன்னாள்:

“எட்டி, எழுதிப்போட்டு அங்கயே காத்திருந்தா எவன் வருவான்? எல்லாரும் படம் பாக்கிய எடத்துல போயி நில்லு. நல்ல படம் ஒண்ணு போட்டு, மேல பாதி வரியை எழுதி நிறுத்து. மீதி வேணும்னா ஆளு தன்னால வரும்.”

“வியாபாரம் மாதிரி இருக்கே.”

“பின்ன, பூசையாக்கும்னு நெனச்சியா?”

அவள் சொன்னபடியே செய்தேன். முகமில்லாத படங்கள், ஒரே காலை வெளிச்சம், பாதியில் நிற்கும் ஒரு வரி, முகப்பில் வலைப்பூவின் இணைப்பு. என் பெயரை எங்கும் போடவில்லை. இதயக் குறிகள் குவிந்தன. வலைப்பூவின் வருகைக் கணக்கு மட்டும் அசையவில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: செம்பருத்திப் படம் வைத்த, பெயரற்ற ஒரு கணக்கு. அதன் இதயக் குறி விழுந்த சில நிமிடங்களில் வலைப்பூவில் ஒரு வருகை பதிவாகும்.

முதலில் தோழியைச் சந்தேகித்தேன். பிறகு, குடும்பச் செய்திகளைச் சேகரிப்பதில் சலிக்காத திருப்புறத்து அத்தையை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் கைப்பேசியை ஓரக்கண்ணால் பார்த்தேன். “என்ன பிள்ளே, எனக்க மொகத்துல வல்லதும் எழுதியிருக்கா?” என்றார். அந்தக் கேள்வியையும் சந்தேகித்தேன்.

அந்த வாரம் நெய்யாற்றின்கரைத் துணிக்கடை ஒன்றைப் பற்றி எழுதினேன். அங்கே அம்மா விற்பனையாளரிடம் மலையாளம் மட்டுமே பேசினார். நான் தமிழில் ஏதோ கேட்டபோது என் கையை அழுத்தினார். அவர் தமிழுக்காக வெட்கப்பட்டார் என்று எழுதி, சேலைக் கரையைப் பிடித்திருந்த அவர் கையைப் படமாகப் போட்டேன். இதுவரை இல்லாத அளவு வாசகர்கள் வந்தார்கள். செம்பருத்தி மட்டும் இதயக் குறி இடவில்லை.

படித்துவிட்டு ஒதுங்கியிருப்பது யார்? சனிக்கிழமை மதியம் அதே படத்தையும் இணைப்பையும் அந்த ஒரு கணக்குக்கு மட்டும் தெரியும்படி மீண்டும் போட்டேன். சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து, உணர்ச்சியற்ற இயந்திரப் பெண்குரல் ஒன்று என் வாக்கியங்களைத் தமிழில் வாசிக்கத் தொடங்கியது.

அம்மா கைப்பேசியை மறைக்கவில்லை.

“இதை எத்தனை தடவை போடுவே? முந்தியே கேட்டாச்சு.”

“உங்களைப் பத்தின்னு எப்படித் தெரிஞ்சது?”

“எண்ணெ தெறிச்ச தழும்பு கூடக் கிடக்கு, பாரு. அது எனக்க கையாக்கும். மொகத்தை வெட்டினா ஆளு மாறுமா?”

அவர் தொடர்ந்தார்:

“வெட்கமாம்! முதல்ல தமிழ் பேசினது அந்தக் கடைக்காரனாக்கும். ‘என்ன அக்கா, களியக்காவிளை எல்லை தாண்டி வந்தீங்களா’ன்னு ஒரு இளிப்பு. நீ வாசல்ல படம் எடுத்திட்டு நின்னே. பின்ன நான் தமிழ் பேசுவனா?”

“அழிச்சிரட்டுமா, அம்மா?”

“அழிக்க வேண்டாம். கை நல்லாத்தான் வந்திருக்கு.”

அவர் சொன்னது நடந்ததா, என்னிடமிருந்து தப்பிக்கச் சொன்னதா? அன்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில், தொங்கும் சேலைகளுக்குப் பின்னால் அந்த விற்பனையாளர் மேசைமீது சாய்ந்து அம்மாவிடம் ஏதோ சொல்கிறார். வாய் திறந்திருக்கிறது. சிரிப்பதுபோலவும் இருக்கிறது. என்ன மொழி என்று படத்தில் தெரியவில்லை.

பதிவிலிருந்து ‘வெட்கப்பட்டார்’ என்பதை மட்டும் நீக்கினேன். அந்த வாக்கியம் இன்னும் முடிவடையாமல் நிற்கிறது. யாராவது முடிவு கேட்டு வருவார்களோ என்று வருகைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.