சாட்சி நேரத்தில் லில்லி அக்கா

ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. "லில்லி அக்கா போய்ட்டாங்கண்ணா." காசிமேட்டில் அவரோடு மீன் விற்கும் பெண்தான் பேசினாள். அந்தப் பெரிய தொண்டை அடங்கிவிட்டது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

அக்காவை அறிந்தவர்களே, எங்கள் ராயபுரம் சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாட்சி நேரத்தில் காய்ச்சல் தீர்ந்தவர், வேலை கிடைத்தவர் எழுந்து நன்றி சொல்வார்கள். கஷ்டம் தீராதவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்போம். அது எழுதாத சட்டம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருமுறை, அக்காவின் கணவர் போன விசைப்படகு கரை திரும்பவில்லை. "தானா வந்துரும், ஊரக் கூட்டாத" என்றிருக்கிறார் படகின் முதலாளி. அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அக்கா எழுந்தார். படகு வந்துவிட்டது என்று எண்ணி எல்லோரும் உரக்க ஸ்தோத்திரம் சொன்னோம்.

"இன்னாத்துக்கு ஸ்தோத்திரம்? எம் புருசன் இன்னும் கடல்லதான் கீறாரு. யாராச்சும் வாங்களேன்!"

"அமைதியா ஜெபிப்போம்மா" என்றார் பாஸ்டர்.

"வழியோரம் குந்திகினு இருந்த குருடனயும் இப்டித்தான் வாய மூடச் சொன்னாங்க. அவன் இன்னும் சத்தமாத்தான கத்துனான்? ஏசு நின்னாரா இல்லியா, நீங்களே சொல்லுங்க பாஸ்டர்!"

பின்வரிசையிலிருந்த மீனவர்கள் எழுந்து நேரே துறைமுகத்துக்குப் போனார்கள். எஞ்சின் நின்று எண்ணூருக்கு வடக்கே மிதந்த படகைக் கண்டுபிடித்தார்கள். மற்ற எல்லோரும் உயிரோடு வந்தார்கள். அக்காவின் கணவரை மட்டும் அலை கொண்டுபோயிருந்தது.

துக்கம் முடிந்து வந்த அக்கா மறுபடி எழுந்தார்.

"நான் கேட்டது கெடைக்கல. அதுக்கோசரம் வாய மூடிக்குவேனா? மத்தவங்க வூட்டு ஆம்பளைங்க வந்தாங்க இல்ல?"

அதன்பிறகு நொந்து வருபவர்களை அக்கா தன் பக்கத்தில் உட்கார வைப்பார். நேரம் வந்ததும் முழங்கையால் ஒரு இடி. திருவொற்றியூர் ஆலை மூடி வேலை போனபோது எனக்கும் விழுந்தது. கூச்சத்தில் நெளிந்தேன். "சிலுவையில தொங்குனவரே கத்துனாரு. உனக்கு இன்னா வெக்கம்?" என்றார். எழுந்தேன். வேலை உடனே கிடைத்துவிடவில்லை. ஆனால் அன்று மாலையே உதவ வீடு தேடி சபை ஆட்கள் வந்தார்கள்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் கஷ்டப்படுகிறவர்கள் பழையபடி கப்சிப். என் பக்கத்தில் ஒருவர் கைக்குட்டையைக் கசக்கியபடி தலைகுனிந்திருந்தார். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த முழங்கைதான். ஓங்கி ஒரு இடி இடித்தேன்.

"எந்திரிப்பா. கத்து."