தோளில் சாமி இருக்கும்போது கேட்ட கேள்வி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் அறையில் நானும் என் சிநேகிதனும் இருந்தோம். அவனுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். நான் பகலில் கடையில் நின்றேன்; மாலையில் பல்கலைக்கழகத்தில் சோழர் காலத்துக் காவிரிக்கரைக் கோயில்களையும் அவற்றைச் சுற்றி வாழ்ந்த சனங்களையும் பற்றிப் படித்தேன். இடையன் விளக்குக்கு ஆடு கொடுத்தான், எண்ணெய் ஆட்டுகிறவன் எண்ணெய் கொடுத்தான் என்று கல்வெட்டில் எல்லாம் இருக்கிறது. கொடுத்தவன் சாமி வெளியே வரும்போது எங்கே நின்றான் என்று நான் பார்த்த ஒரு கல்லும் சொல்லவில்லை. நூலகத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது. எழும்பி எழும்பி வெளியே போய்ச் சிகரெட் பிடிப்பேன்.

அந்த அந்தரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் தன் அகதி வழக்குச் சரிவந்தால் திருவிழாவில் சாமி தூக்குவதாகச் சிநேகிதன் நேர்த்தி வைத்திருந்தான். வழக்குச் சரிவந்துவிட்டது. ஊரில் அவனுடைய சாதிக்காரரைக் கோயில் வீதிக்கு அப்பால்தான் நிறுத்தியிருந்தார்கள். அவனுடைய தகப்பன் தூரத்தில் நின்றே கும்பிட்டுச் செத்துப்போனவர். லண்டனில் இது யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் ஆட்களின் வாய் சும்மா கிடக்குமா? "ஊரில எவ்விடம்?" என்பார்கள். சொன்னால், "அதில எந்தப் பக்கம்?" இரண்டாவது கேள்வியில் சாதி பிடிபட்டுவிடும். இந்தக் கெட்டித்தனத்தை நான் என் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன்.

"கேட்டால் கொழும்பு எண்டு சொல்லடா," என்றேன்.

"நேர்த்திக்கு வந்து நிண்டு பொய் சொல்லுறதோ?"

"சாமி கேக்காது. சனம்தான் கேக்கும்."

"கேக்கட்டும். விசர்க்கதை கதையாத."

எங்கள் லண்டன் கோயில் என்பது ஒரு வாடகை மண்டபம். வீதி என்பது அதன் கார் நிறுத்தும் இடம். திருவிழாவன்று தூறல். பாதிப் பேர் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள், தூக்க ஆள் காணாது. "வாரும் தம்பி, தோளைக் குடும்!" என்று நிர்வாகசபைப் பெரியவர் ஒருவர் சிநேகிதனின் கையைப் பிடித்து இழுத்து, சாமி தூக்கும் ஒரே தண்டில் தனக்குப் பின்னால் நிறுத்தினார். என் கையில் சாமிக் குடையைத் திணித்தார்கள். அரோகரா என்று சாமியைக் கிளப்பியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

தூக்கிய சாமியை வீதி சுற்றி முடியும்வரை நிலத்தில் வைக்கக்கூடாது. மாற்றுத் தோள் வராமல் ஒருவர் விலகவும் முடியாது. முதல் மூலை திரும்பும்போது பெரியவருக்கு நாக்கு அரித்துவிட்டது.

"தம்பி ஊரில எவ்விடம்?"

சிநேகிதன் ஊரைச் சொன்னான்.

"ஓ, எனக்கு நல்லாத் தெரியும். அதில எந்தப் பக்கம்?"

"குளத்தடி, ஐயா. எங்கட ஆக்கள் மட்டும்தான் அங்க இருக்கினம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

பெரியவரின் பிடரி விறைத்தது. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பெண்களும் வயதானவர்களும் கைகூப்பிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அப்பப்பா! அவர் விலக வழியில்லாமல் தண்டைச் சுமந்தபடியே நடந்தார். பின்னால் சிநேகிதன் கண்ணீர் வழிய வழிய அரோகரா போட்டுக்கொண்டு வந்தான்.

வீதி சுற்றி முடிந்து சாமியை உள்ளே வைத்தார்கள். வைத்த கையோடு பெரியவர் மண்டபத்தின் பின்புறக் குழாயடிக்குப் போனார். சால்வையை எடுத்துவிட்டு, சாமி தூக்கிய தோளை அந்தக் குளிரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நாங்கள் இருவரும் கதவடியில் நின்று பார்த்தோம்.

எனக்கு மண்டை கொதித்தது. நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்கவேண்டும் என்று கிளம்பினேன். சிநேகிதன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். தண்டு அழுத்திச் சிவந்திருந்த தன் தோளை மற்றக் கையால் பொத்திக்கொண்டு சொன்னான்:

"விடடா. அவர் கழுவட்டும். நான் இண்டைக்குக் குளிக்கவே மாட்டன்."