சுகந்தக் கடையில் என் மூக்கு

வாசனை விற்பவனுக்கு மூக்குதான் மூலதனம் என்பார்கள். நான் வாயை வைத்தே பிழைத்தவன். நாள் முழுக்க நின்றுகொண்டே சிரிக்கும் சேல்ஸ்மேன்களே, உங்களுக்குப் புரியும்.

பெயர் விளக்கம்

ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தர் கடைக்கு வேலைக்குப் போகிறேன். போர்டில் பெரிதாக 'சுகந்தம்' என்று இருக்கும். சேத்தூர்க்காரர் ஒருவர், "சுகம் தருதுல்லா, அதான் சுகந்தமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அது வடமொழி. கந்தம்னா வாசனை. முன்னால 'சு' வந்தா நல்ல வாசனை, 'துர்' வந்தா கெட்ட வாடை" என்றேன். அசந்துபோய் ரெண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு சொன்னார்: "இம்புட்டு தெரிஞ்ச ஆளு மூக்கு தப்பா சொல்லுமா?"

காய்ச்சலுக்குப் பொறவு

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போச்சு. படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருக்கே! லேபிளைப் பார்த்து விற்றேன். யாராவது குடைந்து கேட்டால் சுகந்தத்துக்கு அர்த்தம் சொல்லிச் சமாளித்தேன்.

ஒருநாள் அதையே ஓர் அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தபோது, கடைக்கு உள்ளே டீ போட அடுப்பில் வைத்த பால் தீய்ந்து புகைந்தது. எனக்குத் தெரியவே இல்லை. அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "இப்ப வர்றதுக்கு முன்னால 'சு' போடணுமா, 'துர்' போடணுமா அண்ணாச்சி?"

ஒரு சட்டை

வத்திராயிருப்பிலிருந்து ஒரு பெண் வந்தார். கையில் இறுக்கி முடிந்த பிளாஸ்டிக் கவர்.

"வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தாவ. லீவுல வந்த எடத்துல தவறிட்டாவ. அவிய கடைசியா போட்ட சட்டை. என்னென்னவோ சென்ட்டு வாங்கிப் பார்த்தேன், எதுவும் ஒத்து வரல. வாசம் போயிரும்னு பயந்து நான்கூட இதைப் பிரிக்கிறதில்ல. நீங்க வெவரமானவிகன்னு சொன்னாக. மோந்து பார்த்து இது என்ன சென்ட்டுன்னு சொல்லுங்க."

முடிச்சை அவிழ்த்து நீட்டினார். பழக்கதோஷத்தில் இழுத்து மோந்தேன். ஒன்றுமே இல்லை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்த பேரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம், மனசு வரவில்லை.

"எனக்கு மோப்பமே கிடையாது தாயி" என்றேன். கல்லாவிலிருந்து முதலாளி திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண் அவசர அவசரமாகக் கவரை மூடி முடிந்தார். திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்: "முன்னமே சொல்லியிருந்தா நான் முடிச்சை அவுத்திருக்க மாட்டேம்லா அண்ணாச்சி."

முதலாளி என்னை அனுப்பிவிடவில்லை, பில் போட உட்கார வைத்திருக்கிறார். சுகந்தம் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் பக்கத்து ஆளைக் கைகாட்டிவிடுகிறேன்.