கத்திச் சொல்ல முடியாத செய்தி

என் கணவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நான் தெரிந்துகொள்ள ஏழு ஆண்டுகள் ஆயின. அதற்குள், அவருக்கு என் பேச்சில் அக்கறை இல்லை என்ற முடிவுக்கு வந்து, அந்த முடிவோடு வாழவும் பழகியிருந்தேன்.

அவர் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஷேவிங் மிஷினில் நிற்பவர். ஈரத்தோலின் உட்புறத்தைச் சீவி, ஒரே கனத்துக்குக் கொண்டுவரும் இயந்திரம் அது. அந்தப் பிரிவின் இரைச்சலில் யாரும் வாயால் பேசிக்கொள்வதில்லை. கனம் கூடிவிட்டால் இரண்டு விரல்களை அகட்டிக் காட்டுவார்கள். மேலாளர் வருகிறார் என்றால் சட்டைக் காலரைத் தொடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தும் கத்தியே பேசிக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஒன்றுபோலக் காது மந்தமாகிக்கொண்டே வந்ததால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. காதில் செருகிக்கொள்ளக் கம்பெனி கொடுத்த மஞ்சள் நிறப் பஞ்சு அடைப்பான்கள் அவருடைய சட்டைப் பையிலேயே கிடந்தன. கேட்டால், "அத வெச்சிக்கினா பிளேடு மக்கர் பண்றது எப்படித் தெரியும்?" என்பார்.

நான் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பகல் முழுக்கத் தாழ்ந்த குரலில் பேசுகிற, பிறரையும் அப்படியே பேசச் சொல்கிற வேலை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் கத்தத் தொடங்குவேன். எங்களுடையது நான்கு வீடுகள் வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பு. பக்கத்து வீட்டுப் பெண், வீட்டில் உருதும் எங்களோடு தமிழும் பேசுகிறவள், ஒருநாள் துணி காயப்போடும்போது சொன்னாள்:

"அக்கா, உங்க வீட்ல இன்னைக்கு இன்னா கொழம்புன்னு எனக்குத் தெரியுது, இந்த லைன்ல எல்லாருக்கும் தெரியுது. அண்ணனுக்கு மட்டும்தான் தெரியல."

சிரித்தேன். அக்கறை இல்லாமல் அல்ல, காது கேட்காமல்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றிரவு எண்ணிப் பார்த்தபோது, நாங்கள் இருவரும் ஒரு நாளில் பயன்படுத்தும் சொற்கள் இருபதைத் தாண்டாது என்று தோன்றியது. சாப்பாடு, சாவி, பால், கேஸ், மோட்டார். கத்திச் சொல்லத் தகுந்த சொற்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. மற்றவை எப்போது நின்றுபோயின என்று எனக்கு நினைவில்லை. அதைப் பற்றி வருத்தப்பட்டதாகவும் நினைவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள், நூலகத்தில் இருந்தபோது சென்னையிலிருந்து மகள் அழைத்தாள். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவனைப் பிரிந்து இரண்டு மாதமாக ஒரு பெண்கள் விடுதியில் இருப்பதாகச் சொன்னாள். திரும்பிப் போவதாக இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க அலுவலகத்தில் அனுமதி கேட்டிருக்கிறாள். கிடைத்ததும், கார்த்திகைக்குள், ஆம்பூருக்கே வந்துவிடுவாள்.

"அப்பாகிட்ட நான் வர்றதுக்குள்ள நீ சொல்லிடும்மா. பெட்டியோட வாசல்ல நிக்கும்போது அவர் ஏன் வந்தேன்னு கேட்டுடக் கூடாது. அதை மட்டும் என்னால தாங்க முடியாது."

சரி என்றேன். அலைபேசியை வைத்துவிட்டு, திரும்பி வந்திருந்த நூல்களில் தேதி முத்திரையைக் குத்தினேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்கு மிஞ்சிய கேள்வி. கத்தினால் அவருக்குப் பாதியும் பக்கத்து வீடுகளுக்கு முழுவதும் போய்ச் சேரும். எழுதிக் கொடுக்கலாம் என்று இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கிழித்தேன். அவர் நன்றாகவே படிப்பார். ஆனால் படித்து முடித்ததும் ஏதாவது கேட்பாரே. அவர் குரல் அவருக்கே கேட்காததால், மெதுவான குரல் என்று நினைத்து அவர் பேசுவதுகூடத் தெருமுனைவரை போகும். என் மகளின் வாழ்க்கை அவ்வளவு பெரிய குரலில் பேசப்படுவதை நான் விரும்பவில்லை. காதைச் சரிசெய்தாக வேண்டும். அவருக்காக என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

வேலூரில் ஒரு காது பரிசோதனை மையத்துக்கு அவரை அழைத்துப் போனேன். பேருந்தில் முழு நேரமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே பரிசோதித்த இளம்பெண் அவரைக் கண்ணாடிச் சுவர் வைத்த சிறிய அறையில் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். பிறகு ஒரு வரைபடத்தை என் முன்னால் வைத்தாள். இரண்டு கோடுகள் இடப்பக்கம் ஓரளவு மேலே தொடங்கி, வலப்பக்கம் போகப் போகச் சரிந்து இறங்கின.

"கனமான சத்தமெல்லாம் சாருக்கு ஓரளவு வருதும்மா. மெல்லிசான சத்தம்தான் வரல. ச, த, க மாதிரி எழுத்துங்க காதுல விழாது. அதனால நீங்க பேசறீங்கன்னு தெரியும். என்ன பேசறீங்கன்னு தெரியாது. மிஷின் சத்தத்துல வேலை செய்றவங்களுக்கு உள்காதுல இருக்கற நுண்ணிய செல்லுங்க செத்துப்போயிடும். அது திரும்ப வளராது."

"கத்தினா கேக்குதே?"

"கத்தினா, ஏற்கெனவே கேக்கற சத்தம்தான் இன்னும் பெருசாகும். கேக்காத எழுத்து அப்படியேதான் இருக்கும்."

ஏழு ஆண்டுகள் நான் கத்தியது எதையும் அவரிடம் கொண்டு சேர்க்கவில்லை என்பதை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வரைபடத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

காதில் மாட்டும் கருவி, கேட்காத அந்த ஒலிகளைத் தேடிப் பெரிதாக்கும் என்றாள். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவது போல அல்ல. மூளை மறந்த ஒலிகளை மீண்டும் கற்க வாரக்கணக்கில் ஆகும். இரைச்சலிலும் கூட்டத்திலும் சிரமமாகத்தான் இருக்கும். முதலில் அமைதியான இடத்தில், ஒருவரோடு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும்.

காதுக்குள் பொருந்தும் அச்சுக்காக இளஞ்சிவப்பு நிறப் பசையைக் காதில் நிரப்பி, உறைந்ததும் எடுத்தாள். அவர் அன்று முழுவதும் ஆர்வமாகப் பார்த்தது அந்த ஒன்றைத்தான். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம ஷூ கம்பெனி வேலதான். கால் அச்சுக்குப் பதிலா காது அச்சு," என்றார். அறை அதிர்ந்தது. வரவேற்பில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் கருவிகளைப் பொருத்தினார்கள். "வலிச்சா தாங்கிக்காதீங்க சார். உடனே வாங்க, சரிபண்ணித் தர்றோம்," என்றாள் அந்தப் பெண். தலையாட்டினார்.

முதல் நாள் வீட்டில் எல்லாம் அவருக்குத் தொந்தரவாக இருந்தது. பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் திடுக்கிட்டார். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு நின்று, மறுபடி நடந்து பார்த்தார். "இவ்ளோ சத்தத்துல எப்டி இருக்கீங்க நீங்கல்லாம்?" என்று என்னைக் கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஒரு மாதம் பழகட்டும், பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். அந்த மாதத்தில்தான் தவறு நடந்தது. எங்கள் ஊர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

ஆம்பூரில் பிறந்த எவருக்கும் புதுச் செருப்பு கடிக்கும் என்பது தெரியும். கடிக்காத புதுத் தோலை இங்கே நம்பவே மாட்டார்கள். எண்ணெய் காட்டி, பொறுத்துப் போட்டு நடந்தால், தோல் இளகிக் காலுக்கு இணங்கும். அந்த நம்பிக்கையில் முப்பது ஆண்டு ஊறியவர் என் கணவர். இடது காதின் அச்சு முதல் நாளிலிருந்தே உறுத்தியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இரவில் கழற்றி அச்சுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறார். அது இளகவில்லை, இளகுவதற்கு அது தோல் அல்லவே. பிறகு, தோலின் மேற்பரப்பைத் தேய்க்கிற உப்புத்தாளில் ஒரு துண்டைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து, உறுத்துகிற இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்திருக்கிறார். நேர்த்தியாகவே தேய்த்திருந்தார், கை அப்படிப்பட்ட கை. தேய்த்த இடம் தளர்ந்து, அந்த இடைவெளி வழியாக ஒலி வெளியேறி, மறுபடி கருவிக்குள்ளேயே போய்ச் சுழலத் தொடங்கிவிட்டது.

நான் இது எதையும் அறியாமல், ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன். அவர் என் பக்கமாகக் குனிந்தார். காதிலிருந்து விசில் கிளம்பியது. கையை வைத்தார், இன்னும் கூடியது. அப்படியே கழற்றி, டப்பாவில் போட்டு, அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

"இது நமக்கு ஒத்து வர்ல. விடு," என்றார். பிறகு, நினைவு வந்தவராக, "இன்னா சொல்ல வந்தே?" என்று முழுக்குரலில் கேட்டார்.

"பால் இல்லை," என்று கத்தினேன்.

பதினைந்து நாள் டப்பா அலமாரியில் இருந்தது. அந்த நாட்களில் மகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. கார்த்திகை இரண்டாவது ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன் என்றாள். "சொல்லிட்டியாம்மா?" என்று ஒவ்வொரு அழைப்பிலும் கேட்டாள். சொல்கிறேன் என்றேன். ஒருநாள் தலையணை உறைகளைத் துவைக்கப் பிரித்தபோது, அவருடையதில், இடது காது படும் இடத்தில், காய்ந்த ரத்தப் புள்ளிகள் இருந்தன. ஒன்றல்ல, பழையவையும் புதியவையுமாக. அவரை உட்காரவைத்து, அலைபேசி வெளிச்சத்தில் காதைப் பார்த்தேன். புண் வெகுநாளாக இருந்திருக்கிறது. இத்தனை நாள் ஒரு மனிதர் அதைக் காதில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், நான் பார்க்கவில்லை.

மறுநாளே வேலூர் போனோம். அந்தப் பெண் அச்சைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"யார் சார் தேய்ச்சது?"

அவர் தன்னைக் காட்டிக்கொண்டார்.

"பினிஷிங் நல்லாத்தான் இருக்கு. எங்க லேப்ல வேலைக்கு வர்றீங்களா?" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அவர் அதைப் படித்து, வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார். புண்ணுக்கு மருந்து கொடுத்தாள். ஆறிய பிறகுதான் புது அச்சு எடுக்க முடியும் என்றாள். மகள் வர மிச்சமிருந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். ஆறியது. எடுத்தார்கள். மகள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, புது அச்சு வந்தது. அது கடிக்கவில்லை. கடிக்காததை அவர் சந்தேகத்தோடு ஏற்றுக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்த பிறகு, மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு, நூலகத்தில் பேசும் குரலில் சொன்னேன். நான்கு வாக்கியங்கள். பல மாதங்களாக மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தவை. சொல்லும்போது யாருடைய செய்தியையோ வாசிப்பது போல இருந்தது.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்த பிறகும் பார்வையை எடுக்கவில்லை. கேட்டிருக்குமா என்ற ஐயம் எனக்கு.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. தன் குரலைத் தானே கேட்டு அளந்து பேசினார் என்பது பிறகுதான் புரிந்தது.

"ஆடியிலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கத்திச் சொல்ற விஷயமா அது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு கருவிகளையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இன்னும் கேட்க விருப்பமில்லையா, காதுக்கு ஓய்வு வேண்டியிருந்ததா, தெரியவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் சுவரைவிட்டு நகரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். எனக்குத் துக்கமாகவும் இல்லை, நிம்மதியாகவும் இல்லை.

மறுநாள் காலை, ஸ்டேஷனுக்குத் தான் மட்டும் போவதாகச் சொன்னார். கருவிகளை மாட்டிக்கொண்டு, கண்ணாடி பார்த்து அச்சைச் சரியாக அழுத்திவிட்டுக் கிளம்பினார். நான் சமைத்து முடித்தேன். ரயில் வந்திருக்க வேண்டிய நேரம் தாண்டி, இன்னும் ஒரு மணி நேரமும் போயிற்று. வாசலுக்கு இரண்டு முறை வந்து பார்த்தேன்.

இருவரும் நடந்தே வந்தார்கள். பெட்டி அவர் கையில் இருந்தது. மகளின் கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் அவள் நேராக வீட்டுக்குள் வந்து, கை கால் கழுவப் போய்விட்டாள். வாசலில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

"வண்டி லேட்டா?" என்று அவரைக் கேட்டேன்.

"இல்ல, நேரத்துக்கு வந்துச்சி. வண்டி நிக்கும்போது ஒண்ணும் வெளங்கல. அது போவட்டும்னு பிளாட்பாரத்து பெஞ்சில உக்காந்துட்டோம். அவள எதிர்ல உக்கார வெச்சிக்கினேன்."

"என்ன சொன்னா?"

பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"நெறைய சொன்னா," என்றார்.

அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வீட்டில் அவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது என்று ஒன்று வந்திருந்தது. மூன்று தட்டுகளை எடுத்து வைத்தேன்.