பெட்டியின் பின்புறம் வைத்த பொட்டு

ரெஜினாவின் தம்பி போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். "சேஷாத்ரி சார் கீறாரா மேடம்?" என்றார். முதலாளி வெளியே போயிருக்கிறார், என்னிடம் சொல்லலாம் என்றேன். "அக்கா காலைல தவறிட்டாங்க" என்றார். மஞ்சள் காமாலை என்று இரண்டு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, ஐந்து வருடம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தும் அந்த வீட்டுக்குச் சேஷாத்ரி சாரைத்தான் தெரிகிறது, என்னைத் தெரியவில்லையே என்பதுதான். துக்கம் அதற்குப் பிறகு வந்தது. இதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி என்னால் எழுத முடியாது.

மந்தைவெளியில் சேஷாத்ரி சாரின் டி.டி.பி. சென்டருக்குக் கையெழுத்துப் பிரதியோடு வந்தவர்கள் எல்லோருக்கும் ரெஜினாவைத் தெரியும். சாந்தோம் குப்பத்திலிருந்து நடந்தே வேலைக்கு வருவாள். படித்தது பத்தாவதும் டைப்ரைட்டிங்கும். நான் தமிழில் எம்.ஏ.; பிழை திருத்துவது என் வேலை. இரண்டு வயது மூத்தவள் என்பதால் என்னை "வசந்தாக்கா" என்பாள். இந்த மாதிரி அஞ்சலிக் கட்டுரையில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்குக் கை வரவில்லை.

தமிழ்நாட்டுக் கடல் மீன்களைப் பற்றிப் பேராசிரியர் ஒருவர் எழுதிய பெரிய புத்தகம் எங்களிடம் வந்தது. எட்டு மாத வேலை. அச்சுக்குப் போகுமுன் மூன்று முறை படித்துத் திருத்தினேன். ஒரு நாள் ரெஜினா தண்ணீர் குடிக்க எழுந்தவள், என் மேஜையைத் தாண்டும்போது நின்றாள். "இது சங்கரா மீன் இல்லக்கா, கிழங்கா மீனு. படம் ரெண்டும் மாறிக்கீது" என்றாள். நான் எழுத்தைப் பார்த்தேனே தவிர மீனைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் மீன் வாங்கியதே கிடையாது. அன்றிலிருந்து பேராசிரியர் சந்தேகங்களோடு என் மேஜைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நேராக அவள் நாற்காலிக்குப் போய், "சொல்லும்மா ரெஜினா" என்று உட்காருவார். எனக்கு ஒற்றெழுத்துகள் மட்டும் மிஞ்சின.

கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. எதையும் தொடுமுன் ஒரு கேள்வி கேட்பாள்: "கடைசியா ஓடுனதுக்கும் இப்பத்திக்கும் நடுவுல இன்னா மாறிச்சு?" அதற்குப் பதில் கிடைக்கும்வரை ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற மாட்டாள். கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீன் படங்கள் பிளாப்பியில் அடங்காதவை. அவற்றுக்காகவே சேஷாத்ரி சார் வெளியே தனியாக வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினார். கனமான பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்கு, இன்னொன்று ஸ்கேனருக்கு. ஒரே வரிசையில் இருக்கும் கருவிகளுக்குத் தனித்தனி எண் வைக்க வேண்டும். பெட்டியின் பின்புறம் அதற்கென்று ஒரு சின்ன பட்டன் உண்டு; ஒரு முறை அழுத்தினால் எண் ஒன்று கூடும். ரெஜினா எனக்கு இப்படி விளக்கினாள்: "ரேஷன் கடையில ஒரே டோக்கன் நம்பர்ல ரெண்டு பேரு நின்னா இன்னா ஆவும்? அதான்." எனக்குப் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு எல்லா மெஷினையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் பொறுப்பு. அன்று பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பிய ரெஜினா வாசலில் திரும்பி, "முன்னாடி எவ்ளோ வேணா பொட்டு வைங்கக்கா. அந்தப் பெட்டிக்குப் பின்னாடி மட்டும் கை வைக்காதீங்க" என்றாள். பூஜையை எப்படிச் செய்ய வேண்டும் என்று இவள் எனக்குச் சொல்வதா? அவள் தெருமுனை தாண்டியதும் அந்தப் பெட்டியைத் திருப்பி, பின்புறத்தை அழுத்தித் துடைத்தேன். நடுவில் பெரிதாகச் சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்தேன்.

விஜயதசமி காலை கம்ப்யூட்டரைப் போட்டபோது ஹார்ட் டிஸ்கைக் காணவில்லை. பெட்டியின் விளக்கு எரிந்தது, உள்ளே சுழலும் சத்தம் கேட்டது, திரையில் மட்டும் அது வரவில்லை. கடைசியாக அதில் வேலை செய்தவள் ரெஜினா என்று சேஷாத்ரி சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ரெஜினா வழக்கமான கேள்வியோடு என்னிடம் வந்தாள். "பின்னாடி யாராச்சும் தொட்டீங்களாக்கா?"

"இல்லையே" என்றேன்.

அவள் அதை நம்பினாள். சுவரை ஒட்டியிருந்த பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுக் கேபிளை அழுத்திப் பார்த்தாள். வேறு கேபிள் மாற்றினாள். கம்ப்யூட்டரைப் பத்து முறையாவது அணைத்துப் போட்டிருப்பாள். அந்தக் கேபிள் பொருந்தும் கம்ப்யூட்டர் எங்களிடம் வேறு இல்லை. அவள் சாப்பிடவும் போகவில்லை. டிஸ்க் விற்ற கடைக்காரர் போனில், கொண்டு வாருங்கள், அழித்து ஃபார்மட் செய்து பார்க்கலாம் என்றார். எட்டு மாத மீன்களும் போய்விடும். சேஷாத்ரி சார் வேறு வழியில்லாமல் சரி என்றார். நான் பக்கத்து நாற்காலியில் புரூஃபை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளால் முடியவில்லை என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த ஒரே நாள் அது. அதனால் சொல்லவில்லை.

கடைக்கு எடுத்துப்போகப் பெட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்தபோது அவள் அதைப் பார்த்தாள். பட்டனின் இடுக்கில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். நான்காக இருந்த எண் ஐந்தாகியிருந்தது. ஐந்து, ஸ்கேனரின் எண். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கட்டை விரலை நாக்கில் தொட்டு அந்தக் கறையைத் துடைத்து, முந்தானையில் விரலைத் தேய்த்துக்கொண்டாள். எண்ணை மாற்றி, எல்லாவற்றையும் பழையபடி இணைத்துப் போட்டாள். மீன்கள் எல்லாம் வந்துவிட்டன.

என்னம்மா ஆச்சு என்று சேஷாத்ரி சார் கேட்டார்.

"நம்பர் மாறிக்கினு இருந்துச்சு சார். லீவுக்குப் போற அவசரத்துல நான்தான் கவனிக்கல."

எல்லோர் முன்னாலும் அவர் அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மாலையில் செருப்பு மாட்டும்போது என் பக்கம் குனிந்து, "பொட்டு சோக்கா வெச்சிருந்தீங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் அதைப் பற்றி ஒரு சொல், ஒரு சிரிப்பு, ஒரு குத்தல் கிடையாது. சொல்லிவிடுவாளோ என்று நான் காத்திருந்து களைத்துப்போனேன். மீன் தெரிந்ததும் மெஷின் தெரிந்ததும் போகட்டும். அவள் இடத்தில் இருந்தால் என்னால் ஒரு நாள்கூட வாயில் வைத்திருக்க முடியாத ஒன்றை அவள் எப்படி வைத்திருந்தாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவளை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் பெரிய கூட்டம். பேராசிரியர் அழுதார். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லாக் கதையிலும் அவள் அவர்களுக்குத்தான் நெருக்கமானவளாக இருந்தாள். சேஷாத்ரி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கமான பொண்ணு. என்கிட்ட இருந்த வரைக்கும் ஒரே ஒரு தப்புதான் பண்ணினா, அந்த ஹார்ட் டிஸ்க் விஷயம்" என்றார். பக்கத்தில் நின்ற நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அவள் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. இத்தனை நாள் அவள் பெயரில் இருந்த அந்த ஒரு தவறு மட்டும் இருக்கிறது. அது என்னுடையது, நான் எடுத்துக்கொள்கிறேன். சேஷாத்ரி சாரும் இதைப் படிப்பார். ரெஜினா அங்கே வேலை பார்த்த காலத்தில் ஒரு தவறுகூடச் செய்யவில்லை. இந்த வரியை எழுதும்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.