எல்லாருக்கும் ஒரே அப்பா எஸ்ஸே

"…நான் செத்துட்டனாம்பா. எப்போ செத்தேன், எதுல செத்தேன், அதையும் நீயே சொல்லிடு."

காலையில் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். பூரணாங்குப்பம் ஆரோக்கியம் அண்ணன் குனிந்து உள்ளே வந்துகொண்டே கேட்டார். நெல்லும் மல்லாட்டைக் கடலையும் போடுகிற விவசாயி. பின்னால் அவர் மகள் ஸ்டெல்லா, பி.ஏ. இங்கிலீஷ் மூணாம் வருஷம். அழுது முகம் வீங்கியிருந்தது.

கடலூர் ரோட்டில், காலேஜ் கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஜனங்கள் பேசுவதைக் கேட்கத்தான் நான் கடையே நடத்துகிறேன் என்பாள் என் பொண்டாட்டி. எட்டாங்கிளாஸோடு என் படிப்பு நின்றது. இங்கிலீஷெல்லாம் பிள்ளைகளின் அசைன்மென்ட்டை அடித்து அடித்து வந்ததுதான். எந்த நாடகத்தில் யார் யாரைக் குத்தினான் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். புதிதாகக் கடை போடுகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

மூணாம் வருஷத்தில் ரைட்டிங் கோர்ஸ் என்று ஒன்று உண்டு. தன் வாழ்க்கையில் முக்கியமான ஒரு ஆளைப் பற்றி ஒவ்வொருவரும் சொந்தமாக எஸ்ஸே எழுதணும். சில வருஷத்துக்கு முன், ஹாஸ்டலில் இருந்த திருக்கனூர்ப் பொண்ணு ஒன்று, இறந்துபோன தன் அப்பாவைப் பற்றி எழுதி அடிக்கக் கொடுத்தது. அடிக்கும்போதே எனக்குக் கண் கலங்கியது. நல்ல மார்க் வாங்கியது. அந்த ஃபைலை நான் அழிக்கவில்லை. வினை அங்கேதான் ஆரம்பம்.

அடுத்த வருஷத்திலிருந்து, "அங்கிள், அந்த அப்பா எஸ்ஸே இருக்குதா?" பேரை மாத்து, ஊரை மாத்து, பிரின்ட் போடு.

"டேய், உங்கப்பன் இப்பதான்டா பக்கத்துக் கடையில டீ குடிச்சிட்டுப் போறாரு" என்பேன்.

"சார் பைண்டிங்கத்தான் பாப்பாரு அங்கிள்."

நிஜம்தான். பழைய சார் அட்டையைத் தடவிப் பார்த்தே மார்க் போட்டுவிடுவார். இந்த வருஷம் புதிதாக வந்த மேடமோ படிக்கிறவர். நான் பேர் மாற்றிப் பிரின்ட் போட்டுக் கொடுத்த ஸ்டெல்லாவின் எஸ்ஸேயைப் படித்து, மனசு கேட்காமல், துக்கம் விசாரிக்க வீட்டுக்கே போன் போட்டிருக்கிறார்.

"ஸ்டெல்லாவுக்கு அப்பா இல்லன்னு எனக்குத் தெரியாதுன்னு அந்தம்மா வருத்தப்பட்டுப் பேசுது. நான்தாம்மா அப்பான்னு சொன்னேன். ஒடனே போன ஸ்டெல்லாகிட்ட குடுன்னுச்சு" என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

பிறகு மேடம் ஸ்டெல்லாவிடம் பேசியிருக்கிறார். இன்றைக்குப் பன்னெண்டு மணிக்குள் கையால் புதிதாக எழுதித் தரணும். இல்லாவிட்டால் இன்டர்னல் மார்க் ஜீரோ. இந்த வருஷம் டிகிரி கிடையாது.

தப்பு என் பேரில். அதனாலேயே எனக்கு எரிச்சல் அவள்மேல் பாய்ந்தது. "அழுதுகினே இருந்தா ஆவுமா? உக்காந்து உங்கப்பாவப் பத்தி எழுதித் தொல."

"அப்பாவப் பத்தி எழுத இன்னா இருக்குது அங்கிள்?"

"இருவது வருஷமா வூட்டுல இருக்கிறேன், ஒண்ணுமே இல்லியா?" என்றார் அவர்.

அவள் லேமினேஷன் மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுதினாள். அந்த நேரத்தில் நான் அந்த ஃபைலை அழித்தேன். தம்பிகளா, வருகிற பிள்ளைக்கு ஒத்தாசை என்று நினைத்துத்தான் செய்வோம். ஒரு வூட்டுத் துக்கத்தை இன்னொரு வூட்டுப் பேரில் பிரின்ட் போட்டால், உயிரோடு இருக்கிற மனுஷன் வந்து முன்னால் நிற்பான்.

ரெண்டு பக்கம் முடித்தாள்.

"படிச்சிச் சொல்லுபா" என்று தாளை வாங்கி என்னிடம் நீட்டினார் அண்ணன். மோட்டார் கொட்டகையில் அவர் பாம்பை அடித்தது, புயல் மழையில் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தது என்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மூணாவது பாராவில் நிறுத்திவிட்டேன்.

"இன்னா எழுதியிருக்குதோ அத்தச் சொல்லு."

வேறு வழியில்லை. "அப்பா உள்ள வந்தா நாங்க பேச்ச நிறுத்திடுவோம். நான் இன்னா படிக்கிறேன்னு அவர் ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டா சொல்றதுக்கு மூணு வருஷமா தயாரா இருக்கேன்."

ஸ்டெல்லா பதறித் தாளைப் பிடித்து இழுத்தாள். "அந்த லைன அடிச்சிடறேன்பா."

ஆரோக்கியம் அண்ணன் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடியைப் போட்டுத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ரெண்டு தாளையும் மடங்காமல் எடுத்தார். "அந்தம்மா ரூமு எந்தாண்ட?" என்று கேட்டுக்கொண்டே, மகளுக்கு முன்னால் ரோட்டைத் தாண்டி காலேஜ் கேட்டுக்குள் நடந்தார்.