கவர்னரைக் கட்டிப்போட்ட மத்தியானம்

எனக்குப் பேய், பிசாசு, முனி, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ன சார், நீங்களுமா?" என்று ஒரு மாதிரி பார்ப்பீர்கள், அந்தப் பார்வையை நான் நிறைய வாங்கியாகிவிட்டது, இனிமேல் வாங்கத் தெம்பில்லை. லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்த்தவன் நான். பாதி ஆயுசு லிஃப்ட் குழிக்குள்ளேயே போயிற்று. பேய் என்று ஒன்று இருந்திருந்தால் இருட்டில் தனியாக உட்கார்ந்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்த என் கண்ணில்தான் முதலில் பட்டிருக்க வேண்டும். பட்டதெல்லாம் எலியும் பீடித் துண்டும் யாரோ தவறவிட்ட ஒற்றைச் செருப்பும்தான்.

இது நடந்தது ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகல். எழுபதுகளின் நடுவில், ஆயுத பூசைக்கு மறுநாள், காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் பெரிசாக நினைத்துக்கொள்ளாதீர்கள், கீழே ஒன்று, மேலே இரண்டு மாடி, அவ்வளவுதான். ஆனால் ஆபரேஷன் தியேட்டரை உச்சி மாடியில் வைத்துவிட்டார்கள், அதனால் லிஃப்ட் வைத்தார்கள். அந்தக் காலத்துக் காஞ்சிபுரத்தில் லிஃப்ட் என்றால் ஜனங்கள் கோயிலுக்கு வந்த கையோடு வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். லிஃப்டில் ஏதோ கடகடவென்று சத்தம் வருகிறதாம், டாக்டரம்மா மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டார். கம்பெனியில் எல்லோரும் பண்டிகை லீவில் இருந்தார்கள், அகப்பட்டவன் நான். அதற்கு முந்தின வாரம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தேன். வந்து சேரும்போது சண்டை போடக்கூட உடம்பில் சக்தி இல்லை.

லிஃப்ட் ஓட்டுகிறவர் பெயர் ஏகாம்பரம். பட்டு நெய்கிற குடும்பம், தறியில் உட்கார முடியாமல் முதுகு போய்விட்டதால் இந்த வேலைக்கு வந்தவர். நல்ல மனுஷன், பேச்சுதான் அதிகம். அன்றைக்குப் பேசவில்லை. அவருடைய மகள் கௌரிக்கு அன்றைக்குத் தலைப்பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் தாயும் பிள்ளையும் தங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியில் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மெக்கானிக் சார், கோச்சிக்காதீங்க. மோட்டார் ரூம் சாவி என்கிட்டதான் இருக்குது. பொண்ணை மேல வுட்டுட்டு ஓடியாந்து தொறந்து வுடறேன்."

"சத்தம் வருதுன்னுதானேய்யா என்னைக் கூப்பிட்டீங்க? படியில தூக்கிக்கினு போயேன்" என்றேன்.

நர்ஸ் என்னை முறைத்தாள். "அதுக்கெல்லாம் நேரம் இல்ல சார், வழி வுடுங்க."

சரி, எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். ஏகாம்பரம், கௌரி, நர்ஸ், வார்டில் வேலை செய்கிற இரண்டு பெண்கள், எல்லோரும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு ஏறினார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த சுகத்தில் கண் செருகியது, பொய் சொல்லமாட்டேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் புரியாது. லிஃப்ட் பெட்டி அளவுக்கு மீறின வேகத்தில் இறங்கினால் அதை நிறுத்துவதற்கு ஒரு சாதனம் உண்டு. எங்கள் பாஷையில் கவர்னர். உச்சியில் மோட்டார் ரூமில் ஒரு சின்னச் சக்கரம், அதைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பிக் கயிறு, பெட்டி போகிற வேகத்துக்கு அது சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரத்தில் இரண்டு இரும்புக் குண்டுகள். ராட்டினம் வேகம் எடுத்தால் தொட்டில்கள் வெளியே விரிகிறதல்லவா, அந்த மாதிரி வேகம் கூடினால் குண்டுகள் விரியும். விரிந்தால் ஒரு லீவர் விழுந்து கயிற்றைக் கவ்வும், கயிறு நின்றதும் பெட்டிக்கு அடியில் இருக்கிற இரும்புக் கட்டைகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கடித்துக்கொள்ளும். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். வருஷக்கணக்கில் சும்மா சுற்றும், பார்ப்பவர்களுக்கு அது தண்டத்துக்கு இருப்பதாகத்தான் தோன்றும்.

மேலே ஏதோ முறிகிற சத்தம், உடனே எல்லோரும் ஒன்றாகக் கத்துகிற சத்தம், அப்புறம் தொம்மென்று ஒரு அதிர்ச்சி. தூக்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, படியேறி ஓடினேன். பெட்டி முதல் மாடிக்கும் உச்சி மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. முதல் மாடிக் கம்பிக் கதவு வழியாகப் பார்த்தால் என் இடுப்பு உயரத்தில் பெட்டியின் தரை, அதில் கால்கள் மட்டும் தெரிந்தன. மேலே போய்க்கொண்டிருந்த பெட்டி திடீரென்று சரசரவென்று கீழே இறங்கி நின்றதாம். கௌரி முனகுவது கேட்டது.

"சார், சாவி!" என்று ஏகாம்பரம் குனிந்து கம்பி இடுக்கு வழியாகச் சாவியை எறிந்தார். "எப்படியாவது மேல ஏத்தி வுடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமா போவும். அது துடிக்குது சார்!"

மொட்டை மாடிக்குப் போனேன். மோட்டார் ரூம் பூட்டித்தான் இருந்தது, இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் கையால்தான் திறந்தேன். உள்ளே முந்தின நாள் பூசையின் வாசனை. மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ, ஓரத்தில் ஒரு தட்டில் பொரி கடலை. அதெல்லாம் எல்லா இடத்திலும் செய்வதுதான். கவர்னரைப் பார்த்தேன், லீவர் விழுந்து கயிற்றைக் கவ்வியிருந்தது. சரி, கவர்னர் விழுந்துவிட்டது, தூக்கிவிட்டால் போயிற்று என்று கையை வைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த இரண்டு இரும்புக் குண்டுகளையும் சேர்த்துப் பட்டு நூலால் கட்டியிருந்தார்கள். ஏதோ விளையாட்டுக்குக் கட்டினதில்லை, பல இழைகளை முறுக்கி இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் குங்குமம் வைத்து. குண்டு விரியவே முடியாது. குண்டு விரியாமல் லீவர் விழ வழியே கிடையாது. நூல் அறுபடவில்லை, நழுவவும் இல்லை, ஒரு இழைகூடப் பிசிறவில்லை. ஆனால் லீவர் விழுந்து கிடக்கிறது.

அப்போது எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எவன்டா இந்த வேலையைச் செய்தவன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே லீவரைத் தூக்கினேன். வரவில்லை. சின்னப் பிள்ளை தூக்கினாலும் வருகிற லீவர் அது. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன். நம்பினால் நம்புங்கள், துருப்பிடித்தது அசையாமல் இருக்கும் பாருங்கள், அந்த மாதிரி இல்லை அது. நான் இழுத்தபோது அது என் பக்கம் கொஞ்சம் வந்து திரும்ப அந்தப் பக்கம் போயிற்று. எதிரில் ஒரு ஆள் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

சரி, முதலில் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பெட்டியைக் கொஞ்சம் ஏற்றுவோம் என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மோட்டார் பக்கம் போய்ச் சுற்றினேன். சக்கரம் சும்மா சுற்றியது. ஒரு பாரமும் இல்லாமல், பொம்மை வண்டிச் சக்கரம் மாதிரி. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மோட்டாருக்கும் பெட்டியைத் தாங்குகிற கப்பிக்கும் நடுவில் இருக்கிற இணைப்பே முறிந்து போயிருந்தது. அந்தக் கடகட சத்தம் அதுதான். மோட்டாரும் பிடிக்கவில்லை, பிரேக்கும் பிடிக்கவில்லை. குனிந்து கயிறு போகிற ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன், பெட்டியின் ஓரத்து இடுக்கில் தெரிந்த வரைக்கும் கட்டைகள் தண்டவாளத்தை அரைகுறையாகத்தான் கடித்திருந்தன. அத்தனை பேரும் தொங்கிக்கொண்டிருப்பது அந்த ஒரு லீவரில். அதைத்தான் நான் அவ்வளவு நேரமும் காலை உதைத்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், கடவுளே.

அப்புறம் லீவர் பக்கமே போகவில்லை. சுவரோடு ஒட்டி நின்றேன். கீழே குரல் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை.

கீழே கம்பிக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். என்னை நம்பிப் பிரயோஜனமில்லை என்று இறங்க ஆரம்பித்துவிட்டார்கள், சத்தத்தை வைத்துப் பார்த்தால் கௌரியைத்தான் முதலில் இறக்கினார்கள். எனக்கு இன்னொரு கிலி பிடித்தது. பெட்டிக்கு எதிர்ப்பக்கம் கயிற்றில் பெரிய இரும்புப் பாரம் தொங்கும். ஆள் நிறைந்திருந்தால் பெட்டி கீழே விழும், ஆள் குறைந்தால் அந்தப் பாரம் இழுத்துப் பெட்டி மேலே பாயும். இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரு நிறை கர்ப்பிணி பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்போது பெட்டி மேலே பாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன், கண்ணை மூடிக்கொண்டேன்.

பாயவில்லை. கௌரி இறங்கினாள். நர்ஸ் இறங்கினாள். அந்த இரண்டு பெண்களும் இறங்கினார்கள். பெட்டி கிட்டத்தட்டக் காலி, மேலே போயிருக்க வேண்டும், போகவில்லை, விழவும் இல்லை. கடைசியாக ஏகாம்பரம் குதித்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அடங்கியதும் கண்ணைத் திறந்தேன். என் கண்ணுக்கு எதிரில், என் கை படாமல், லீவர் தானாக மேலே எழுந்தது. படக்கென்று இல்லை, மெதுவாக. உடனே கயிறுகள் ஓட ஆரம்பித்தன, காலிப் பெட்டி மேலே பாய்ந்து உச்சியில் மோதியது, கூரைக் காரை என் தலையில் உதிர்ந்தது. குண்டுகள் இரண்டும் கட்டின கட்டு அவிழாமல் சேர்ந்தபடியே சுற்றி நின்றன.

கௌரியைப் போர்வையில் போட்டுப் படியில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் பிள்ளை பிறந்துவிட்டது, பெண் குழந்தை, இரண்டு பேரும் சௌக்கியம். நான் நூலைப் பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு கீழே வந்து ஏகாம்பரத்தின் எதிரில் போட்டேன்.

அவர் அதைப் பார்த்தார். "நான்தான் கட்டினேன் சார். பூசை அன்னிக்கு எங்க வீட்ல தறி ஓட்டக்கூடாதுன்னு மிதியைக் கட்டி வெச்சிடுவோம், மறுநாள் வெளக்கு வெச்சப்புறம்தான் அவுப்போம். இது ஆஸ்பத்திரி, பெரிய மெஷினைக் கட்ட முடியுமா? இந்தச் சின்னதுதான் ஒரு வேலையும் செய்யாம சும்மா சுத்திக்கினு இருக்குதே, இதுக்காவது ஒரு நாள் ஓய்வு குடுப்போமேன்னு..."

"அதுதான்யா உங்க உசுரைப் புடிச்சி நிறுத்தறது" என்றேன்.

மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "என் பொண்ணுக்கு நானே எமனா இருந்தேனே சார்!" திட்ட வேண்டும் என்றுதான் வந்தேன். அழுகிறவரைத் திட்ட எனக்கு மனசும் இல்லை, தெம்பும் இல்லை. போய் பேத்தியைப் பாருய்யா என்று அனுப்பிவிட்டேன்.

கம்பெனியில் சொன்னேன். எஞ்சினியர் சிரித்தார், சந்தனம் காய்ந்து லீவரில் ஒட்டியிருக்கும், அந்த இணைப்பு முறிந்த அதிர்ச்சியில் விழுந்திருக்கும் என்றார். இருக்கலாம். நானும் ரொம்ப நாள் அதையே சொல்லிக்கொண்டேன். தூக்கமில்லாத ஆள், கண்ணும் கையும் பொய் சொல்லும்தானே. அவர் சொன்னதோடு இது முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கவே மாட்டேன்.

பிள்ளை பிறந்த மறுநாள், நான் மெட்ராசுக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால், கௌரி என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். போனேன். பிள்ளை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. கை எடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, நீங்க மட்டும் மேலயிருந்து பேசிக்கினே இருக்கலன்னா நான் பயத்துலயே செத்திருப்பேன்."

"நான் எங்கம்மா பேசினேன்?"

"என்னாண்ணே இப்படிச் சொல்றீங்க? லிஃப்டு நின்ன உடனே சொன்னீங்களே, 'பயப்படாதம்மா, புடிச்சிக்கினு இருக்கேன், புடிச்சிக்கினு இருக்கேன்'னு. வுடாம சொல்லிக்கினே இருந்தீங்களே."

லிஃப்ட் நின்றபோது நான் கீழே பெஞ்சில். மேலே போன பிறகும் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. அவளுடைய அப்பாவையும் நர்ஸையும் தனியாக விசாரித்தேன், அவர்கள் காதில் ஒன்றும் விழவில்லையாம். ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா என்று கௌரியிடம் கேட்டேன். யோசித்தாள். உங்கள் குரல் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன், இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்றாள். வலியில் ஆயிரம் கேட்கும், அதையும் நான் ஒத்துக்கொள்கிறேன்.

கிளம்பலாம் என்று எழுந்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப பரவால்லியாண்ணே?" என்றாள். "என்னை இறக்கறப்போ சொன்னீங்களே, 'சீக்கிரம் எறங்கும்மா, கை தாங்கல, ரொம்ப நேரம் முடியாது'ன்னு. அழுவற மாதிரி இருந்துச்சு. பாவமா இருந்துச்சுண்ணே எனக்கு."

அதற்கப்புறம் எத்தனையோ லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டேன். யாராவது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும், இறங்குங்க, இறங்குங்க என்று விரட்டுவேன், கூட வருகிறவர்கள் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். ஒருவர் பிடித்தார் என்பதில் எனக்குப் பயம் இல்லை, அது யார் என்று நான் தேடவும் இல்லை. ஆனால் பிடித்தவருக்கும் கை வலித்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் போய்விடுகிறது.